தென்மேற்கே நின்ற படகு

ஆரோக்கியத்துறையில் நாலு வருட காலம், செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் காலை பத்து மணி ஆனால், கோயில் கொடிமரத்துக்குத் தென்மேற்கே, அலை உடைகிற இடத்தையும் தாண்டி, வள்ளக்காரர்கள் வலை விரிக்கிற இடத்தையும் தாண்டி, ஆரோபண மாதா என்ற விசைப்படகு வந்து நின்றது. பொழுது சாயும் வரை நிற்கும், அப்புறம் இருக்காது. ஒரு கார்த்திகை மாதம் அடித்த காற்றில் ஒன்பது பேரோடு காணாமல் போன படகு அது என்பதும், அதன் தளத்தில் நிற்பவர்கள் யார் யார் என்பதும் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பெர்ஜிலின் தன் போனில் எழுதிய தொடர்கதையால்தான் அது வருகிறது என்பதும் தெரியும்.

பெர்ஜிலின் அந்தப் படகை ஓட்டிய கிளீட்டஸின் மனைவி. கல்யாணமாகி எட்டு வருடம், பிள்ளை இல்லை. விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து, ஏழு பெண்களோடு ஒரு டெம்போவில் ஏறி, இருபது கிலோமீட்டர் உள்ளே இருக்கும் சந்தையில் விற்றுவிட்டு, மீன் சுமந்த சருவப் பாத்திரங்களை வெறுமையாக மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு திரும்பி வருவது அவள் வேலை. கிளீட்டஸ் கடலுக்குப் போனால் முப்பது நாள், நாற்பது நாள் ஆகும். அந்த நாட்களில் அவளுக்குத் துணையாக இருந்தது ஏழாங்கடல் என்ற ஆப். அதில் சேலத்திலும் துபாயிலும் மலேசியக் கிள்ளானிலும் இருக்கிற பெண்கள் தங்கள் வீட்டு அடுக்களையில் இருந்தபடியே கதை எழுதினார்கள், அவர்களைப் போன்றவர்களே வாசித்தார்கள், வாசித்ததும் கீழே நாலு வரி எழுதிவிட்டுப் போனார்கள். பெர்ஜிலின் வாசிக்க மட்டும் செய்தாள்.

காற்று அடித்த பிறகு ஹெலிகாப்டர் வந்தது, கப்பல் வந்தது, கோட்டாட்சியர் வந்தார். வேறு படகுகளில் போனவர்கள் லட்சத்தீவிலிருந்தும் குஜராத்திலிருந்தும் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். ஆரோபண மாதாவில் போன ஒன்பது பேருக்கு நேராக மட்டும் அதிகாரிகள் ‘காணவில்லை’ என்று எழுதினார்கள். ஏழு வருடம் கழிந்தால்தான் அந்த வார்த்தையை மாற்ற முடியும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். காணாமல் போனவருக்குத் துக்கப் பூசை வைக்க முடியாது, தாலியை வைத்திருக்கவும் முடியாது, கழற்றவும் முடியாது. ஆகவே அந்த ஒன்பது வீட்டுப் பெண்களும் அழத் தொடங்காமலேயே நாற்பது நாள் இருந்தார்கள்.

நாற்பதாம் நாள் சந்தையிலிருந்து திரும்புகிற வழியில், டெம்போவின் பின்பக்கம் உட்கார்ந்து, பெர்ஜிலின் போனை வாய்ப்பக்கம் கொண்டுபோய்ப் பேசினாள். ஆரோபண மாதா முங்கவில்லை என்றாள். காற்று அதைத் தள்ளிக்கொண்டு போயிற்று, அவ்வளவுதான் என்றாள். எஞ்சின் நின்றுபோனதையும், ஒன்பது பேரும் தார்ப்பாயைப் பாயாகக் கட்டியதையும், குடிக்கத் தண்ணீர் எத்தனை கேன் இருந்தது என்பதையும் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல போன் எழுதிக்கொண்டே வந்தது. அவள் பேச்சு அதற்குப் புதிது, அதனால் கடலு என்று அவள் சொன்ன இடத்திலெல்லாம் கடலை என்று எழுதிவைத்திருந்தது. ஒன்பது ஆண்கள் கடலைக்குள் போனார்கள் என்று அவள் வாசித்துக் காட்டியபோது டெம்போவில் இருந்த ஏழு பெண்களும் சிரித்தார்கள். அது அந்த நாற்பது நாளில் அவர்கள் சிரித்த முதல் சிரிப்பு. எழுத்தைத் திருத்தி, ‘தென்மேற்கு’ என்று தலைப்புப் போட்டு, மறுநாள் காலை பத்து மணிக்கு வெளிவரும்படி வைத்துவிட்டு அவள் வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. கரையில் நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். படகு நின்றது. அவள் கூப்பாடு போடவில்லை. தலைகளை எண்ணினாள், ஒன்பது இருந்தது, பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். ஆண்கள் வள்ளத்தை இறக்கி அந்தத் திசையில் போனார்கள். இரண்டு மணி நேரம் போன பிறகும் படகு முதலில் இருந்த அதே தூரத்தில் இருந்தது. டீசல் பாதியானதும் திரும்பினார்கள், திரும்புகிற வழியில் வலையை விட்டு நிறையச் சாளை கொண்டுவந்தார்கள்.

செவ்வாயும் வெள்ளியும் கதையில் ஒரு பாகம் வெளிவந்தது, அந்த நாட்களில் படகும் வந்தது. ஊர் அதற்குப் பழகிக்கொள்ள அதிக நாள் பிடிக்கவில்லை. மீன்துறை அதிகாரி ஒருவர் வந்து பார்த்து, குறிப்பெடுத்து, அந்த இடத்தைச் சுற்றிப் போகும்படி மற்றப் படகுகளுக்குச் சொல்லிவிட்டுப் போனார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஜன்னல் வழியே கைகாட்டிக்கொண்டே இருந்ததால் டீச்சர் பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டார், அப்புறம் செவ்வாயும் வெள்ளியும் மட்டும் பழையபடி போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். பங்குத் தந்தை டன்ஸ்டன் இரண்டு ஞாயிறு ஒன்றும் பேசாமல் இருந்தார். மூன்றாம் ஞாயிறு பிரசங்கத்தில், கடவுள் கடலில் என்னவெல்லாம் வைத்திருக்கிறார் என்பதை நமக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை என்றார். அதற்குப் பிறகு ஞானோபதேச வகுப்பு அறிவிப்போடு சேர்த்து, இன்றைக்குப் பாகம் உண்டு, இன்றைக்குப் பாகம் இல்லை என்பதும் கோயில் மைக்கில் வந்தது.

அவர்கள் சோறு பொங்கினார்கள் என்று பெர்ஜிலின் எழுதினால் படகிலிருந்து புகை வந்தது. மீன் கிடைத்தது என்று எழுதினால் படகைச் சுற்றிப் பறவைகள் பறந்தன. மழையில் நனைந்தார்கள் என்று எழுதிய வெள்ளிக்கிழமை, ஊரில் வெயில் கொளுத்த, படகின் மேல் மட்டும் ஒரு முறம் அளவுக்கு மேகம் நின்றது. ஒருமுறை பெர்ஜிலின் விஷக்காய்ச்சலில் இரண்டு வாரம் எழுந்திருக்கவில்லை, கடல் காலியாகக் கிடந்தது. பெண்கள் முறைவைத்துக் கஞ்சி கொண்டுவந்தார்கள். பதினைந்தாம் நாள் ரெஜினாள் மாமி வந்து, நெற்றியைத் தொட்டுப் பார்த்து, போனை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

ரெஜினாளுக்கு ஒரே மகன், ஜோபின், அந்தப் படகில் எஞ்சின் பார்த்தவன், இருபத்தாறு வயது. அவள் டெம்போவில் பெர்ஜிலினுக்குப் பக்கத்தில் உட்காருகிறவள். எழுத்து வாசிக்கத் தெரியாது, அதனால் எந்தப் பாகத்தையும் மற்றவர்களுக்கு முன்பே டெம்போவில் காதால் கேட்டுவிடுவாள். செவ்வாயும் வெள்ளியும் அவள் சந்தைக்குப் போவதில்லை. கரையில் ஒரு கவிழ்த்த வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்து, படகின் பின்பக்கம், எஞ்சின் அறை இருக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

முதல் வருடம் முடியும்போது மெட்டில்டா பெர்ஜிலின் வீட்டு வாசலுக்கு வந்தாள். அவளுடைய ஆள் ஆரோபண மாதா போவதற்குப் பதினொரு வருடம் முன்பே, வேறு ஒரு படகில், வேறு ஒரு காற்றில் போனவர். நெடுநேரம் வேறு என்னவோ பேசிவிட்டுக் கடைசியில் கேட்டாள்.

“உனக்க படகுல ஒரு ஆளுக்கு எடம் இருக்குமா?”

அந்த வெள்ளிக்கிழமை வந்த பாகத்தில், ஒரு காலி டீசல் கேனைப் பிடித்தபடி மிதந்துவந்த ஒருவரை ஒன்பது பேரும் சேர்ந்து தூக்கி ஏற்றினார்கள். கரையிலிருந்து எண்ணிப் பார்த்தால் பத்துத் தலை இருந்தது. அதற்குப் பிறகு பக்கத்துத் துறைகளிலிருந்தும் பெண்கள் வந்தார்கள், சிலர் போட்டோ கொண்டுவந்தார்கள், சிலர் பெயர் மட்டும் கொண்டுவந்தார்கள். நாலு வருடத்தில் படகில் முப்பத்தொரு பேர் ஆகிவிட்டார்கள், படகு தண்ணீருக்குள் ஒரு முழம் தாழ்ந்தது. பாரம் தாங்காது, இப்படியே போனால் ஒரு பெரிய அலைக்கு நிற்காது என்று கடலுக்குப் போய் ஓய்ந்த ஆண்கள் அவளிடம் வந்து எச்சரித்தார்கள். படகில் இருப்பவர்கள் ஐஸ் பெட்டியைக் கழற்றிக் கடலில் எறிந்தார்கள் என்று அவள் எழுதினாள், செவ்வாய்க்கிழமை படகு அரை முழம் ஏறி நின்றதைப் பார்த்து அவர்களுக்கு நிம்மதி ஆயிற்று.

இதற்குள் ‘தென்மேற்கு’ கதைக்கு லட்சம் பேர் வாசகர்கள் ஆகியிருந்தார்கள். அவர்கள் யாரும் ஆரோக்கியத்துறையைப் பார்த்ததில்லை, படகு வந்து நிற்பதும் அவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்குக் கிளீட்டஸைப் பிடித்துப்போயிற்று. உண்மையில் கிளீட்டஸ் குள்ளமான ஆள். சின்ன வயதிலிருந்து வலை சுமந்து இடது தோள் இறங்கிப்போன ஆள். கரைக்கு வந்தால் சாப்பிடுவார், தூங்குவார், போகிற அன்றைக்கு வாசலில் நின்று பெர்ஜிலினைப் பார்த்து முகத்தைத் தூக்கி நாடியை லேசாக உயர்த்துவார், அதுதான் அவர் போய்வருகிறேன் என்று சொல்வது. முதல் பாகங்களில் அவரை அப்படித்தான் எழுதினாள். அவர் ஏன் மனைவியை நினைத்து ஒன்றும் பேசுவதில்லை என்று வாசகிகள் கீழே எழுதிக் கேட்டார்கள். ஒரு நாள், சும்மா ஒரு வரி, அவர் நிலாவைப் பார்த்து அவளிடம் பேசுவதாக எழுதினாள். அந்த வரிக்கு மூவாயிரம் பேர் இதயம் போட்டார்கள். அடுத்த பாகத்தில் இரண்டு வரி எழுதினாள். பிறகு அவர் அவள் கண்களைப் பற்றிப் பேசினார், அவள் கூந்தல் மணத்தைப் பற்றிப் பேசினார், கொள்ளைக்காரர்களோடு சண்டை போட்டார், ஒரு தீவில் அவருக்குக் காயத்துக்குக் கட்டுப்போட்ட வெளிநாட்டு நர்ஸின் காதலை மறுத்துவிட்டு வந்தார்.

நாலாம் வருடம் ஒரு வெள்ளிக்கிழமை, கடலோரக் காவல்காரர் ஒருவர் கரையில் நின்றபோது பெர்ஜிலின் அவரிடம் பைனாகுலரை வாங்கிப் பார்த்தாள். படகின் முன்பக்கம் ஒருவர் நின்றார். உயரமாக, அடர்ந்த முடியோடு, நேரான இரண்டு தோளோடு, வெளுத்த சட்டை போட்டு நின்றார். அவர் அவளைப் பார்த்துக் கையசைத்தார். கிளீட்டஸ் பிறந்ததிலிருந்து யாருக்கும் கையசைத்ததில்லை. அவள் பைனாகுலரைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள், யாரிடமும் சொல்லவில்லை. அடுக்களைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அவருடைய குரல் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தாள். அவள் எழுதிய பேச்சுத்தான் காதில் வந்தது. அதற்கு முன்னால் இருந்த குரல் வரவில்லை. சாயந்தரம் வரை முயன்றாள், வரவில்லை.

அந்த மாதத்தில்தான் ஏழாங்கடலிலிருந்து கடிதம் வந்தது. அவர்கள் ஆப்பில் அதிகம் வாசிக்கப்படுகிற கதைகளை அச்சுப் புத்தகமாகப் போட்டுக் கடைகளுக்கும் புத்தகக் கண்காட்சிகளுக்கும் அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். முதல் வரிசையில் போட எடுத்த ஐந்து கதைகளில் ‘தென்மேற்கு’ ஒன்று. அதைப் பார்க்க தாரிணி என்ற எடிட்டர் சென்னையிலிருந்து ரயிலிலும் பஸ்ஸிலும் ஏறி வந்தாள், கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசுகிற பெண். செவ்வாய்க்கிழமையாக இருந்ததால் படகையும் பார்த்தாள். எத்தனை பேர் என்று கேட்டாள். முப்பத்தொன்று என்றதும், ஒரு நாவலுக்கு அது கூடுதல், வாசிக்கிறவர்களுக்குப் பெயர் நினைவிருக்காது, ஏழெட்டுப் பேரை வைத்துக்கொண்டு மற்றவர்களை எடுத்துவிடலாம் என்றாள். பெர்ஜிலின் அவளுக்கு இன்னும் கொஞ்சம் மீன்குழம்பு ஊற்றினாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது தாரிணி இன்னொன்றும் சொன்னாள். புத்தகம் கடைக்குப் போகிற அன்று கதையை ஆப்பிலிருந்து எடுத்துவிடுவார்கள். இஷ்டம் இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம், யாரும் கட்டாயப்படுத்தமாட்டார்கள்.

“போன்ல கதை எவ்வளவு நாள் வேணாலும் போகலாம், அக்கா,” என்றாள் தாரிணி. “புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம்னு ஒண்ணு வேணும். எல்லாரும் ஊர் திரும்பிட்டாங்கன்னு முடிங்களேன். வாசகர்களுக்கும் சந்தோஷமா இருக்கும்.”

யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினாள். அந்த வாரம் முழுக்க யோசித்தாள். திரும்பி வந்தார்கள் என்று அவள் எழுதினால் வருவார்கள், அதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. அந்த உயரமான மனிதர் அலையில் இறங்கி, மணலில் நடந்து, அவள் வீட்டுக்குள் வருவார். வெளுத்த சட்டையைக் கழற்றிக் கொடியில் போடுவார். சாப்பிட உட்கார்ந்து அவள் கண்களைப் பற்றிப் பேசுவார். இதை நினைத்தபோது, காற்று அடித்த நாளில்கூட வராத பயம் அவளுக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை பாகம் போடாமல், சனிக்கிழமை டெம்போவில் எல்லோரிடமும் சொன்னாள். கதையை முடிக்கப்போவதாகச் சொன்னாள், நடந்ததை நடந்தபடி எழுதி முடிக்கப்போவதாகச் சொன்னாள். கொஞ்ச தூரம் போன பிறகு ரெஜினாள் பேசினாள்.

“கரைக்கு வந்தாங்கன்னு எழுது. ஒரு வரிதானே. எனக்க மோன் வந்தான்னு எழுது.”

“நான் எழுதினா, நான் எழுதுன ஆளுதான் வரும் மாமி. ஜோபின் வரமாட்டான்.”

“யாராவது வரட்டு,” என்றாள் ரெஜினாள்.

அதற்குப் பிறகு அவள் அந்த டெம்போவில் ஏறவில்லை. ஊர் இரண்டாகப் பிரிந்தது. குழாயடியில் பேச்சு நின்றது. பெர்ஜிலினுக்குச் சென்னையில் பெயர் வாங்க ஆசை, அதற்காக முப்பத்தொரு பேரைக் கொல்லப்போகிறாள் என்று சிலர் சொன்னார்கள், அது அவள் காதில் விழும்படியாகவே சொன்னார்கள். பங்கு மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். டன்ஸ்டன் ஃபாதர் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, இதில் தீர்ப்புச் சொல்லத் தனக்கு அதிகாரம் இருப்பதாகத் தோன்றவில்லை என்றார். அப்போது மெட்டில்டா எழுந்தாள். பதினைந்து வருடமாகத் தன் ஆளின் பெயரைச் சொல்லி ஒரு பூசை வைக்கத் தன்னால் முடியவில்லை என்றாள். கரையில் நின்று பார்க்கிறபோது ஆள் இருக்கிறார், வீட்டுக்கு வந்தால் இல்லை, இப்படியே தானும் செத்துப்போனால் மேலே போய் அவரைத் தேடுவதா, கடலில் தேடுவதா என்று கேட்டாள். கேட்டுவிட்டு உட்கார்ந்தாள். கூட்டம் கலைந்தது.

மறுநாளிலிருந்து பெண்கள் ஒவ்வொருவராக பெர்ஜிலினிடம் வந்தார்கள். அவள் அவர்களிடம் கேட்டது ஒன்றுதான்: உன் ஆளைப் பற்றி உண்மையாக ஒரு விஷயம் சொல். ஒருத்தி, தன் ஆளுக்குப் பூனை என்றால் பயம், ஐந்து ஆள் உயர அலையில் போகிறவர் பூனை குறுக்கே வந்தால் வீட்டுக்குள் வரமாட்டார் என்று சொல்லிச் சிரித்து, சிரிப்பு முடிவதற்குள் அழுதாள். ஒருத்தி, வலது கையில் தூண்டில் முள் ஏறிய நாளிலிருந்து தன் ஆள் இடது கையால்தான் சாப்பிட்டார், கல்யாண வீடுகளில் அதற்காகக் கடைசிப் பந்தியில் உட்காருவார் என்றாள். பக்கத்துத் துறையிலிருந்து வந்த ஒருத்தி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

“குடிச்சா அடிப்பாருன்னும் எழுது,” என்றாள். “இல்லேன்னா அது அவரு இல்ல.”

பெர்ஜிலின் அதையும் எழுதினாள். கொள்ளைக்காரர்களை அழித்தாள், தீவை அழித்தாள், நர்ஸை அழித்தாள். நிலாவைப் பார்த்துப் பேசிய பேச்சையெல்லாம் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு அழித்தாள். அழிக்க அழிக்கப் படகு கரைக்குக் கிட்டே வந்தது. முன்பு தலைகளாக இருந்தவை முகங்கள் ஆயின, பைனாகுலர் இல்லாமலே கண், மூக்கு, மீசை தெரிந்தது. பதினைந்து வருடத்துக்கு முன் போனவர்கள் போனபோது இருந்த வயதிலேயே நின்றார்கள், அவர்களைப் பார்த்து நின்ற பெண்களுக்குத் தலை நரைத்திருந்தது. வெளுத்த சட்டை போட்ட உயரமான மனிதர் வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே வந்தார். சட்டை நிறம் மங்கிய நீலமாயிற்று, முடி முன்பக்கம் கொட்டியது, இடது தோள் இறங்கியது. ஏலம் பிந்திப்போன ஒரு செவ்வாய்க்கிழமை, பெர்ஜிலின் தலையில் சருவத்தோடு சந்தைக்குப் புறப்பட்டு நின்றபோது, அவர் அவளைப் பார்த்து நாடியை லேசாக உயர்த்தினார். அவள் தலைச்சுமையோடு அப்படியே நின்றாள். டெம்போக்காரர் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தார்.

கடைசிப் பாகம் சொல்ல வேண்டிய நாள் ரெஜினாள் டெம்போவில் வந்து ஏறினாள், பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள். யாரையும் பார்க்காமல், வெளியே ஓடுகிற ரப்பர் மரங்களைப் பார்த்தபடி பேசினாள். படகு கரை தட்டியதும் அங்கே இருந்தே, அம்மா சோறு உண்டா என்று ஜோபின் கத்துவான், அது ஐந்து வீடு தாண்டிக் கேட்கும், தான் வேண்டுமென்றே பதில் சொல்லாமல் இருப்பேன், இன்னும் இரண்டு தடவை கத்தட்டும் என்று இருப்பேன் என்றாள். டெம்போக்காரர் யாரும் சொல்லாமலே வண்டியை ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தார்.

பெர்ஜிலின் போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, கார்த்திகை மாதத்து அந்த விடியலைச் சொன்னாள். தென்மேற்கிலிருந்து காற்று வந்ததை, முதல் அலைக்குப் படகு எழுந்து இறங்கியதை, இரண்டாவதற்கும் எழுந்ததை, மூன்றாவதற்கு எழாததைச் சொன்னாள். எஞ்சின் அறைக் கதவு வெளியே திறக்கும் கதவு என்பதால் தண்ணீர் அதை அழுத்திப் பிடித்ததைச் சொன்னாள், அதைச் சொல்லும்போது ரெஜினாளின் கையைப் பிடித்திருந்தாள். கிளீட்டஸுக்கு நீச்சல் நன்றாகத் தெரியும், ஆனாலும் அவர் அந்தக் கதவைத் திறக்கப் போனார் என்று சொன்னாள், அவர் அப்படித்தான் செய்திருப்பார் என்று அவளுக்குத் தெரியும். காற்று ஒன்றானாலும் பலவானாலும் கடல் ஒன்றுதான் என்று சொல்லி, மற்ற இருபத்திரண்டு பேரையும் பெயர் சொல்லி அதற்குள் அனுப்பினாள். அவள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூடப் போன் பிழையாக எழுதவில்லை.

அந்தக் கடைசிப் பாகத்தை ஆப்பில் போடாமல் புத்தகத்துக்காகத் தாரிணிக்கு மட்டும் அனுப்பினாள். தாரிணி படித்துவிட்டு யாரையும் எடுக்க வேண்டாம் என்று எழுதினாள். முப்பத்தொரு பேரும் இருக்கட்டும், நாற்பது பக்கம் கூடினால் கூடட்டும் என்றாள்.

புத்தகம் கடைகளுக்குப் போன நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. பத்து மணிக்குக் கதையை ஆப்பிலிருந்து எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அன்று யாரும் கடலுக்குப் போகவில்லை, பள்ளிக்கூடம் திறக்கவில்லை, பக்கத்துத் துறைகளிலிருந்தும் ஆட்கள் வந்து மணல் தெரியாமல் நின்றார்கள். படகு அதிகாலையிலேயே வந்துவிட்டது. அலை உடைகிற இடத்துக்குச் சற்று அப்பால், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் நின்றது. யாரும் கூப்பிடவில்லை. பத்து மணிக்கு அது எழுந்தது, இறங்கியது, எழுந்தது, இறங்கியது, பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, சத்தமே இல்லாமல், உள்ளே போயிற்று. கொஞ்ச நேரம் பறவைகள் அந்த இடத்தில் தண்ணீர் மேல் உட்கார்ந்திருந்தன, அப்புறம் அவையும் எழுந்து போய்விட்டன. டன்ஸ்டன் ஃபாதர் துக்கமணியை முப்பத்தொரு தடவை அடிக்கச் சொன்னார். பத்தாவது மணியிலோ என்னவோ, பெண்கள் அழத் தொடங்கினார்கள். நாலு வருடமாகவும் பதினைந்து வருடமாகவும் வைத்திருந்த அழுகை என்பதால் அது அன்றைக்கும் மறுநாளைக்கும் நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை அட்டைப்பெட்டிகளில் புத்தகம் வந்தது, சந்தைக்குப் போகிற அதே டெம்போவில் வந்தது. அதுவரை போன் கண்ணாடியில் விரலால் தள்ளித் தள்ளிக் கேட்ட கதையை அன்று அவர்கள் கையில் பிடித்தார்கள். அதற்கு முதுகு இருந்தது, ஓரம் இருந்தது, திறந்தால் மணம் வந்தது, மூடினால் மூடிக்கொண்டது. யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது, மெட்டில்டாவாக இருக்கலாம், இதை அடக்கம் செய்யலாமே என்று சொன்னார்கள். ஃபாதரிடம் கேட்டார்கள். அவர் ஒரு புத்தகத்தைக் கையில் வாங்கிப் பார்த்து, சரி என்றார். படகு கட்டுகிற ஆசாரி முழ நீளத்தில் பெட்டிகள் செய்தார். சனிக்கிழமை பூசை நடந்தது, பெயர் பெயராகச் சொல்லி நடந்தது. கல்லறைத் தோட்டத்தின் மேற்கு ஓரத்தில் முப்பது குழி வெட்டி, முப்பது பெட்டி இறக்கி, கைப்பிடி மணல் போட்டார்கள். பெர்ஜிலின் தன் பெட்டியில் புத்தகத்தைக் குப்புற வைத்தாள், கிளீட்டஸ் அப்படித்தான் தூங்குவார். வீட்டுக்கு வந்து தாலியைக் கழற்றினாள். ரெஜினாள் அன்று வரவில்லை.

வெளியூர்களில் புத்தகம் நன்றாக விற்றது. ஆப்பில் வாசித்தவர்களில் பலர் நர்ஸ் எங்கே, தீவு எங்கே என்று கோபித்துக்கொண்டார்கள், இரண்டாம் பாகம் எழுதச் சொல்லி நூற்றுக்கணக்கில் கடிதம் போட்டார்கள். சென்னையில் கூட்டம் வைத்துக் கூப்பிட்டார்கள், பெர்ஜிலின் போகவில்லை. அவள் மீன் விற்கப் போய் வந்தாள். செவ்வாயும் வெள்ளியும் மற்றக் கிழமைகளைப் போல ஆயின.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு நாள் நடுப்பகலில் ரெஜினாள் ஆள் அனுப்பி பெர்ஜிலினைக் கூப்பிட்டாள். புத்தகம் கட்டிலில், ஜோபினின் மடித்த சட்டை மேல் இருந்தது. அவனைப் பற்றி வருகிற இடத்தை மட்டும் வாசிக்கச் சொன்னாள். பெர்ஜிலின் கீழே உட்கார்ந்து வாசித்தாள். எஞ்சின் சூட்டில் சட்டை இல்லாமல் இருக்கிற ஜோபின், வாயில் சீட்டியடித்துக்கொண்டே நட்டு முறுக்குகிற ஜோபின், அம்மா சோறு உண்டா என்று கரையிலிருந்து கத்துகிற ஜோபின், கதவு. இரண்டு பக்கம்தான்.

“பெறவு?” என்றாள் ரெஜினாள்.

“அவ்வளவுதான் மாமி.”

மறுபடியும் வாசிக்கச் சொன்னாள். வாசித்தாள். மூன்றாம் தடவையும் வாசித்தாள். ரெஜினாள் பெறவு என்று கேட்கவில்லை. எழுந்து, துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, அட்டையை முன்னும் பின்னும் மெதுவாகத் துடைத்தாள். காயும் வரை விசிறினாள். பிறகு சட்டைக்குள் வைத்து, கைகளை முன்னால் மடக்கி, பொத்தான் போட்டாள்.

கல்லறைத் தோட்டத்துக்கு இரண்டு பேரும்தான் போனார்கள். வாழ்நாள் முழுக்க எதையும் தலையில் சுமந்தே பழகிய அந்தப் பெண் அதை நெஞ்சோடு சேர்த்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனாள். வெயில் சூடாக இருந்தது, மணல் காலைச் சுட்டது. முப்பது சிலுவைகளுக்கு அப்புறம் இருந்த இடத்தில் பெர்ஜிலின் மண்வெட்டியால் வெட்டினாள். வெட்டி முடித்துக் குழிக்குள் இறங்கி நின்று, வாங்கிக்கொள்ள இரண்டு கையையும் நீட்டினாள். ரெஜினாள் கொடுக்கவில்லை. மடியில் வைத்து உட்கார்ந்து, ஒரு தடவை மெல்லத் தூக்கிப் பார்த்தாள், மறுபடியும் தூக்கிப் பார்த்தாள்.

“பெறக்கும்போ இதவிட கனமாட்டு இருந்தான், மோளே,” என்றாள்.

பெர்ஜிலின் நீட்டிய கையை எடுக்காமல் குழிக்குள் நின்றாள். வெகுநேரம் கழித்து, தலைப்பக்கம் எது என்று பார்த்து, ரெஜினாள் அவள் கையில் கொடுத்தாள்.